இருபது நிமிட வாரம்

மார்ச் 14, வெள்ளிக்கிழமை, மாலை 5.10. இந்த வாரம் நான் வேலை செய்தது மொத்தம் இருபது நிமிடம்.

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம். பேச நேரமில்லை என்று போனில் சொன்னது பொய்.

பம்புகளைச் சோதித்த அளவுகளைக் கணினியில் ஏற்றி அறிக்கை எடுப்பது என் வேலை. தினமும் ஆறு மணி நேரம் தட்ட வேண்டும். போன மாதம் ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு நாள் வேலை நான்கே நிமிடத்தில் முடிகிறது. சொன்னால் வேலையை இரட்டிப்பாக்குவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

நடிப்பு பிரமாதமாக இருந்திருக்க வேண்டும். பக்கத்து சீட் அண்ணனுக்கும் இதே வேலைதான். திங்களன்று அவர், "என்ன தம்பி, மூஞ்சி இப்படிச் செத்துப்போச்சு? பாதியை இங்க தள்ளு" என்றார். மறுத்தால் குட்டு வெளிப்படும். முடிந்துபோன வேலையில் பாதியைத் தூக்கி அவரிடம் கொடுத்தேன்; அவர் அதை மறுபடி கையால் தட்டினார். நான்கு நாளும் கொடுத்தேன். இன்று மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு வந்து, "இன்னிக்குக் கொஞ்சம்தான் முடியும், கோச்சுக்காதே" என்றார்.

வெட்கமாக இருக்கிறது அப்பா. வேறெப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

சட்டைப் பொத்தான் தைத்தால் நூல் நிற்க மாட்டேன் என்கிறது. முடிச்சை எப்படிப் போடுவது என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

இனி செய்யப்போவது:

1. திங்கள் காலை புரோகிராமை அண்ணன் கணினியில் ஏற்றிவிட்டு, அதை எப்போது எழுதினேன் என்பதையும் சொல்வது.
2. அவர் திட்டி முடிக்கும்வரை எழுந்து போகாமல் இருப்பது.
3. ஞாயிறுதோறும் உங்களுக்குப் போன் செய்வது. "ரொம்பக் கஷ்டப்படுறியாப்பா" என்று மட்டும் கேட்காதீர்கள்.