ஆறுதல் பரிசு

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அத்தையும் நலமா? போனில் கூப்பிட்டால் "சாப்பிட்டியா, சரி வெச்சிடறேன்" என்கிறீர்கள். எனக்கும் போனில் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

பட்டமளிப்பு விழாவில் எனக்கு ஒரு பரிசு தருகிறார்கள். நோயாளிகளுக்குத் தந்த ஆறுதலுக்கான பரிசாம். வார்டில் ஒரு லாரி டிரைவர் கட்டில் சரியில்லை என்று ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தார். கட்டிலை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் திட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில்தான் புரிந்தது, படுத்தால் அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. பழியைக் கட்டில் மேல் போட்டிருக்கிறார். இதயத்தில் கோளாறு. இப்போது தேறிவிட்டார்.

மேடையில் தனியாக ஏற வேண்டுமாம். நீங்கள் முன்வரிசையில் இருந்தால் உங்களைப் பார்த்துக்கொண்டே ஏறிவிடுவேன். அவசியம் வாருங்கள்.

உங்கள்
பாப்பா

மார்ச் 11

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

ஆறுதல் பரிசுதான் கிடைத்தது என்று மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. முதல் பரிசெல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் போகும். எதிர்க்கடைப் பட்டன்காரரிடம் சொன்னேன். "ஓட்டப் பந்தயத்துல கடைசியா வர்றவனுக்கு சோப்பு டப்பா குடுப்பாங்களே, அதானே?" என்றார். இனி அவரிடம் நூல்கூட வாங்க மாட்டேன்.

நான் வந்து முன்னால் உட்கார்ந்தால் உனக்குத்தான் சங்கடம். இங்கே பள்ளிச் சீருடை தையல் வேறு குவிந்து கிடக்கிறது. புது ரப்பர் செருப்பு வாங்கினேன். காலையில் சரியாக இருக்கிறது, சாயங்காலம் சுருங்கிவிடுகிறது. கடைக்காரன் நன்றாக ஏமாற்றிவிட்டான். தலையணையைக் காணோம் என்று உன் அத்தை வீட்டையே இரண்டாக்குகிறாள். நான்தான் எடுத்தேன், கழுத்துக்கு வாகாக இருக்கட்டும் என்று.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

மார்ச் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

அது ஆறுதல் பரிசு இல்லை அப்பா. ஆறுதலுக்கான பரிசு. நடுவில் ஒரு "க்கான" இருக்கிறது. அதை விழுங்கிவிட்டு, என்னைக் கடைசியாக ஓடி வந்தவளாக்கித் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அத்தை போனில் "போனா போகுதுடி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்கிறாள். அடுத்த வருஷம் எதைப் பார்ப்பது? நான் படித்து முடித்துவிட்டேன்.

ரப்பர் செருப்பு சுருங்காது. அவசரத்தில் சின்ன சைஸ் வாங்கியிருப்பீர்கள். அத்தையின் தலையணையைத் திருப்பிக் கொடுங்கள்.

நான் ஒன்று கேட்டால் நீங்கள் ஒன்று எழுதுகிறீர்கள். வருவீர்களா, மாட்டீர்களா? ஒரு வரி போதும்.

பாப்பா

மார்ச் 25

அன்பு மகள் பாப்பாவுக்கு,

கோபத்திலும் உன் கையெழுத்து கோணவில்லை. "க்கான" விஷயத்தைப் பட்டன்காரரிடம் விளக்கினேன். "டாக்டர் பொண்ணு சமாளிக்குது" என்றார். விடு.

வெள்ளைக் கோட்டு தைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். ஸ்டெதாஸ்கோப் வைக்கப் பையை ஆழமாக வெட்டியிருக்கிறேன். தைத்து முடிக்க நாளாகிவிட்டது. கடை மாடிப்படியை யாரோ உயர்த்திவிட்டார்கள் போலிருக்கிறது. பாதியில் நின்று போர்டுகளையெல்லாம் படித்துவிட்டுத்தான் ஏறுகிறேன். வேலை மும்முரத்தில் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறேன். அதுவும் சௌகரியமாகத்தான் இருக்கிறது. தலையணையைக் கொடுத்துவிட்டேன்.

நீ ஒரு வரி கேட்டாய். அவ்வளவு தூரம் பஸ்ஸில் முடியாதம்மா.

அப்பா

ஏப்ரல் 2

அப்பா,

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து கோணும்.

கோட்டு வந்தது. அளவெடுக்காமல் தைத்தது தோளில் அப்படியே உட்கார்ந்தது. போட்டுக்கொண்டே, உங்களைத் திட்டி எழுதுவதற்காகப் பழைய கடிதங்களை எடுத்தேன். சாயங்காலம் சுருங்கும் செருப்பு. இன்னொரு தலையணை. உயர்ந்துபோன மாடிப்படி. சௌகரியமான நாற்காலி.

கழுத்துக்கு வாகாம்! இப்படியா அப்பா எழுதுவீர்கள்? நேராக ஒரு வார்த்தை எழுதினால் என்ன? யாரோ ஒரு லாரி டிரைவர் கட்டிலைத் திட்டியபோது ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நீங்கள் கால் வீங்கிச் செருப்பைத் திட்டியபோது சைஸ் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உங்கள் மேல் வருகிற கோபமெல்லாம் என்னிடமே திரும்பி வருகிறது.

காலையில் போன் செய்தேன். "ஒண்ணுமில்ல, வெச்சிடறேன்" என்றீர்கள். அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் மூச்சு வாங்கினீர்கள். அது எனக்குக் கேட்டது. கடையைப் பூட்டி, உங்களைப் படியேற விடாமல் பார்த்துக்கொள்ள அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறீர்கள். சீருடைகள் காத்திருக்கட்டும்.

விழா நாளைக்கு. நான் போகவில்லை. ஆறுதல் பரிசுதானே, என் அறைத்தோழி வாங்கி வைப்பாள்.

இதைத் தபாலில் போடப் போவதில்லை. வீட்டுக்குள் வந்ததும் உங்கள் கையில் கொடுப்பேன். வாய்விட்டுக் கேட்க எனக்கு வராது, உங்களுக்குத் தெரியும். படித்து முடித்ததும் செருப்பிலிருந்தே ஆரம்பியுங்கள். கடைக்காரனை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். நான் குறுக்கே பேச மாட்டேன்.

அத்தையிடம் ஒரு ஸ்டூல் எடுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

பாப்பா