சீர்க்கல்லைப் பெயர்த்த கொற்றியார்

மேகம் தங்கும் கொடுவரை நாட்டின் கணவாய்களுக்கெல்லாம் காவலர், வழிப்போக்கர் உயிரைத் தம் உயிராகப் போற்றும் கோமகனார் நெடுவேளாதனார் திருவுள்ளப்படி, அவர்தம் அமைச்சன் அடிகன் நாகன் எழுதும் ஓலை. உப்பும் முத்தும் குன்றாத வெண்மணற் கோட்டத்து மன்னர் கண்டீரனார் திருமுன் இது சென்று சேர்க. தங்கள் துறைகளில் மரக்கலங்கள் நிறைக. தங்கள் குடிகளின் உலை என்றும் கொதிக்க. கோமகனாரின் மைந்தருக்கு மணமகளாக எம் நாடு புகவிருக்கும் தங்கள் திருமகளார் நலமே வாழ்க.

தங்கள் ஓலை அவையில் படிக்கப்பட்டது. பெண் வீட்டுச் சீராகத் தாங்கள் அனுப்பிய வெண்கற்களைக் கணவாய்ச் சாலையின் சரிவிலிருந்து பெயர்த்தெறிந்த வழியதிகாரி கொற்றியைப் பதவி நீக்கி, அக்கற்களை மீண்டும் பதித்தாலன்றித் திருமகளார் எம் மலை ஏறார் என்று அதில் கண்டிருந்தது. சீரை மறுப்பது பெண்ணை மறுப்பதற்குச் சமம் என்பது இரு நாட்டாரின் வழக்கம். ஆகவே தங்கள் சினத்தில் பிழையில்லை. ஆயினும் நடந்தது இன்னதென்று அறிந்தபின் தாங்களே தீர்ப்புச் சொல்க.

கல்லைச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்டுத் தேர்வது எம் மலைநாட்டார் பழக்கம். தங்கள் வெண்கல் கோயில் மணிபோல் ஒலித்தது. கொற்றியார் எதையும் எளிதில் மெச்சாதவர். அவரே மெச்சி, மகிழ்ந்து, தம் கையால் முதற்கல்லைப் பதித்தார். வண்டிகள் ஓட ஓடச் சாலை பளபளத்தது. கோமகனார் தேரை விட்டிறங்கி அதன்மேல் நடந்தார். உண்மையை மறைப்பானேன், இவ்வமைச்சனும் தன் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தான். முகம் தெரியும் சாலையில் கால் நிற்காது என்பது அப்போது எவர் புத்திக்கும் எட்டவில்லை.

மழை தூறத் தொடங்கிய அன்றே எட்டியது. தங்கள் துறையிலிருந்து உப்பேற்றி வந்த பெருங்கண்ணனார் என்னும் வண்டிக்காரர் சரிவில் இறங்குகையில், காளைகளின் லாடம் பிடிகொள்ளாமல் வண்டி வழுக்கிப் பாறையில் மோதியது. ஒரு காளை மாண்டது; அவர் தொடை முறிந்தது. அவர் தங்கள் குடி. எம் மருத்துவச்சாலையில் தேறிவருகிறார். தூதர் வந்து அவரையே கேட்டறியலாம்.

தாம் பதித்த கல்லாயிற்றே என்று கொற்றியார் வாய்விட்டு அழுதார். அழுத கையோடு கடப்பாரையை எடுத்தார். கோமகனாரின் ஆணைக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை. அது குற்றமென்றால் குற்றமே.

பின்பு அவர் ஓசை கேட்பதை விட்டார். களத்தில் போரடிப்பதுபோல் வட்டப் பாதை ஒன்று அமைத்து, எம் குன்றுகளின் கற்களோடு ஆற்றுக் கல்லையும் தங்கள் வெண்கல்லையும் அதில் பதித்து, ஈரமணல் தூவி, பாரவண்டிகளை ஓயாது சுற்றவிட்டார். தேய்ந்தபின் நீர் ஊற்றிக் காளைகளை நடத்திப் பார்த்தார். ஆற்றுக் கூழாங்கல் உருண்டையாகவே பிறந்தது. அது காலை வாரியது. வெண்கல் முழுதும் ஒரே தன்மையது. ஒருசேரத் தேய்ந்து கண்ணாடியாயிற்று. கரடிக்குன்றின் கருங்கல்லோ மெல்லிய துகளும் வலிய மணியும் கலந்தது. மெல்லியது உதிர உதிர வலியது துருத்தி நின்றது. எத்தனை சக்கரம் உருண்டாலும் அதன் சொரசொரப்பு மாளவில்லை. அதையே கூர்முனை கெடாமல் உடைத்துச் சரிவெங்கும் இறுக்கினார்.

அச்சாலையைத் தேரையின் முதுகு என்று தங்கள் ஓலை ஏளனம் செய்கிறது. ஆம், தேரையின் முதுகேதான். யானைக்கும் அடிசறுக்கும் என்பார்கள். சென்ற அடைமழையில் எம் பட்டத்து யானை அம்பாரியோடு அதில் இறங்கியது, அடிசறுக்கவில்லை. அதில் எமக்கு அளவிலாப் பெருமை உண்டு. அதை அடக்கிக்கொள்ள எமக்கு விருப்பமில்லை.

தம் பொருட்டு ஒரு மணம் கெடவேண்டாமென்றும், பதவியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமென்றும், ஆனால் வெண்கல்லை மறுபடி பதிக்கத் தம்மால் இயலாதென்றும் கொற்றியார் அவையில் விண்ணப்பித்தார். கோமகனார் சிரித்தார். தம் மருமகள் வரும் வழியில் அழகைப் பதித்து ஆபத்தில் வரவேற்பது தம் குடிக்கு அடாது என்றும், மணம் நின்றாலும் நிற்கட்டும், கொற்றியார் பதவியில் நிற்பார் என்றும் திருவாய் மலர்ந்தருளினார்.

தங்கள் சீர் இகழப்படவில்லை. வெண்கற்கள் கழுவப்பெற்று மணமண்டபத்தின் தரையாயின. அங்கே மழை விழாது, சக்கரமும் உருளாது.

எனவே கோமகனார் தங்களுக்கு விடுக்கும் வேண்டுகோளும், எமக்கு இட்ட ஆணையும் இவை: திருமகளாரின் பயணத்துக்குத் தெளிந்த வானம் பார்க்கவேண்டா, மழை கொட்டும் நாளாகவே தேர்ந்தருள்க. கணவாய் உச்சியின் எல்லைக்கல்லில் எதிர்கொண்டு, மணமகளின் வண்டிக்கு முன்னே சரிவில் இறங்கி நடப்பவர், தாங்கள் நீக்கச் சொன்ன கொற்றியாரே. வண்டி வழுக்கினால் முதலில் நசுங்குபவர் தாமாக இருக்கவேண்டும் என்று அவரே கேட்டுப் பெற்ற இடம் அது.

கோமகனாரின் புலி இலச்சினை இட்டு, ஓலை முடிந்தது. மலையும் கடலும் உறவாகுக.