வெண்குன்றத் தூதரகக் காருக்குப் பிளக் மாற்றியது குறித்த ஓலை

நீர் வற்றாத மூன்று ஆறுகளும் நெல் குறையாத நூறு களஞ்சியங்களும் உடைய நீள்கரை நாட்டின் தலைமை அமைச்சர், அரசியார் திருமுன் வலப்பக்க இருக்கைக்கு உரியவர், கடல்வாயில் காவலர், பெருந்தகை மருதவாணராயர் அவர்களுக்கு, வெண்குன்ற நாட்டுத் தலைநகரில் நம் தூதராக இருக்கும் கூத்தரையன் வணங்கி வரையும் ஓலை. நாட்டில் மழை பருவம் தவறாது பெய்க. அரசியார் குடைநிழல் அகன்று நிற்க. தங்கள் இல்லத்து அடுப்பு ஒருநாளும் ஆறாதிருக்க. இங்கு யாம் நலம். யாம் என்று எழுதுவது தூதரக மரபு; வீட்டில் இருப்பவர் ஒருவரே என்பதைத் தாங்கள் அறிவீர்கள், அல்லது முன் அனுப்பிய இருபத்தாறு ஓலைகளில் ஏதேனும் ஒன்றைப் பிரித்திருந்தால் அறிந்திருப்பீர்கள்.

முழுநிலவு நாளுக்கு முந்தைய காலையில் எமக்கு விளங்காமல் நின்ற ஒரு சிறு சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறோம். தூதரகக் காரின் இஞ்சினில் நான்கு பிளக்குகள் உண்டு. நான்கும் புதியவை, எம் கையால் மாட்டியவை. ஒவ்வொன்றையும் கழற்றி இஞ்சினின் இரும்பில் சாய்த்து வைத்துச் சோதித்தபோது நான்கிலும் நீலப் பொறி துள்ளியது. பெட்ரோல் வந்தது. பாட்டரியில் உயிர் இருந்தது. ஆயினும் கார் இருமியது, பின்னோக்கி ஒருமுறை வெடித்தது, கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன, பிறகு நின்றது. கரி பிடித்த பழைய பிளக்குகளோடு நொண்டியாவது ஓடிய கார், புதியவற்றோடு ஓடவே மறுத்தது. நல்லதை வைத்ததும் கெட்டுப்போவது எப்படி என்று இரண்டு நாட்களாக அதன் முன் உட்கார்ந்து யோசித்தோம்.

இது அரசுக்கு எழுதத்தக்க செய்தியா என்று தாங்கள் வினவலாம். இரு நாட்டு உடன்படிக்கையின் ஏழாம் ஏட்டின்படி, முழுநிலவு நாள்தோறும் உச்சி முரசுக்கு முன்னர் நம் தூதரின் வண்டி தன் ஆற்றலால் அரண்மனை வாயிலுள் புகுந்து, முரசு மண்டபத்தை ஒருமுறை சுற்றி மீள வேண்டும். தவறினால் தூது முடிந்ததெனக் கொள்ளப்படும், இவ்வீடு பூட்டப்படும், தூதர் மூன்றாம் நாள் பல்லக்கில் எல்லைவரை மரியாதையோடு அனுப்பப்படுவார். தூது முடிந்தால் நம்மவர்க்கு ஆற்றுத்துறையும் மூடிவிடும். இந்நகரின் கீழைத் தெருவில் கோரைப்பாய் முடைந்து வாழும் நம் நாட்டார் அறுபது குடும்பத்தார் அக்கரையிலுள்ள உற்றாரைக் காணச் செல்வது யாம் எழுதித் தரும் துறைச்சீட்டால்தான். சென்ற திங்களில் ஒரு திருமணத்துக்கும் இரண்டு சாவுக்கும் சீட்டு எழுதினோம்.

அதே ஏட்டின் அடுத்த வரி, இந்நாட்டார் எவரும் தூதரின் வண்டியைத் தொட்டுத் திறத்தல் கூடாது என்கிறது. உளவுக்கு அஞ்சி அக்காலத்தில் நாமே கேட்டுப் பெற்ற வரி அது. ஓட்டுநர் இளவெயினனை மூன்றாண்டுகளுக்கு முன் தாங்கள் திரும்ப அழைத்துக்கொண்டீர்கள். மாற்றாள் வருவார் என்று எழுதினீர்கள். தாங்கள் கடைசியாக எழுதியதும் அதுவே. ஆகவே, சென்ற முழுநிலவு நாளில் அரண்மனை ஏற்றத்தில் கார் உதறி உதறி ஏறியதைக் கண்டபின், வாழ்நாளில் ஸ்பேனர் பிடித்திராத இக்கைகளே வேலையில் இறங்கின.

பிளக் என்ன செய்கிறது என்று தாங்கள் கேட்கவில்லை. ஆயினும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. இஞ்சினுள் நான்கு அறைகள் வரிசையாக உள்ளன. ஒவ்வோர் அறையிலும் பிஸ்டன் என்னும் உருளை ஏறி இறங்குகிறது. இறங்கும்போது பெட்ரோல் ஆவியும் காற்றும் உள்ளே இழுக்கப்படும். ஏறும்போது அவை நசுக்கப்படும். நன்றாக நசுங்கி முடிகின்ற அந்தக் கணத்தில், மேலே செருகியுள்ள பிளக்கின் நுனியில் ஒரு பொறி பாயும். ஆவி தீப்பற்றிப் பிஸ்டனைக் கீழே தள்ளும். எரிந்த புகையை அடுத்த ஏற்றத்தில் வெளியே தள்ளிவிட்டுப் பிஸ்டன் மீண்டும் தொடங்கும். அமைச்சர் பெருமானே, ஆளையும் மூட்டையையும் மலைமேல் ஏற்றுவது கடுகளவு பொறி என்பதை அறிந்த அன்று எமக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. அதைச் சொல்ல வீட்டில் எவரும் இல்லாமையால் இங்கே சொல்கிறோம்.

இளவெயினன் காரின் கருவிப்பெட்டியில் நான்கு புதிய பிளக்குகளை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துச் சென்றிருந்தான். இஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். பிளக்கின் அடியில் தேங்கிய மண் உள்ளே விழாதபடி தூரிகையால் துடைத்தோம். வயரைப் பிடித்து இழுக்காமல் அதன் தொப்பியைப் பிடித்து உருவினோம். குழல் ஸ்பேனரை இறக்கி இடப்பக்கம் திருகியபோது முதற் பிளக் அசையவில்லை; பிறகு ‘க்ரீச்’ என்று ஒரு சத்தம். எதையோ உடைத்துவிட்டோம் என்றே எண்ணினோம். உடையவில்லை. வெளியே வந்ததன் நுனி அடுப்பு வாயைப் போல் கறுத்திருந்தது. நான்கில் மூன்று அவ்வாறே. இரண்டாம் அறையினது மட்டும் எண்ணெயில் நனைந்திருந்தது. நொண்டியது அதனால்தான்.

புதிய பிளக்கின் நுனியில் பொறி தாண்டுவதற்கென ஒரு சிறு இடைவெளி உண்டு. அதை அளக்கும் தகடு எம்மிடம் இல்லை. எழுதும் ஓலையில் ஒரு நறுக்கு வெட்டி, அது உரசிக்கொண்டு நுழையும் அளவுக்கு இடைவெளியைச் சரிசெய்தோம். அரசோலை இதற்கு ஏற்ற கனமுடையது என்பதைத் தங்கள் ஆவணக்களரியில் பதிந்து வைக்கலாம். பின்னர் ஒவ்வொன்றையும் விரலாலேயே திருகி இறக்கினோம். மரை ஏறாமல் கோணினால் விரலுக்குத் தெரிந்துவிடும், ஸ்பேனருக்குத் தெரியாது. விரல் நின்ற இடத்திலிருந்து ஸ்பேனரால் அரைச்சுற்று. நான்கு பிளக்குகளுக்கும் மின்னைப் பகிர்ந்து அனுப்பும் கறுப்பு மூடியையும் துடைத்து, துடைப்பதற்காக உருவிய நான்கு வயர்களையும், மூடியில் வெள்ளைப் புள்ளியிட்ட குழியில் தொடங்கி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று முறையாக மாட்டினோம். அதன்பின் நிகழ்ந்ததை மேலே கண்டீர்கள்.

மறைக்காமல் வரைகிறோம்: அந்தக் காலையில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டோம். கார் ஓடாவிடில் குற்றம் எம்முடையதாகாது. பல்லக்கு வரும். மூன்றாம் நாள் நம் ஆற்று மணலில் கால் பதியும். எம் தமக்கை எம்மைப் பெயர் சொல்லி அழைப்பாள். இங்கு எம்மைத் தூதர் என்பார்கள். மூன்றாண்டுகளாக எம் பெயரை எம் காது கேட்கவில்லை. காரின் மூடியைச் சாத்திவிட்டு அதன் நிழலில் உட்கார்ந்திருந்தோம். அது சுகமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறோம்.

அவ்வேளையில் கீழைத் தெருச் சேந்தி என்னும் பாய் முடைபவள் துறைச்சீட்டு வேண்டி வந்தாள். சான்று கூறுவோர் சொல்லைச் சொன்னபடியே வரைவது தூதர் கடமையாதலால் அவ்வாறே வரைகிறோம். “நாளன்னிக்குப் போகணும் ஐயா. அம்மாவுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருதாம். என் மூஞ்சி தெரியுறப்பவே ஒருதரம் காட்டிட்டு வந்துடுறேன். கெழவி அப்புறம் குரலைக் கேட்டு, நீ அவ இல்ல, வேற யாரோம்பா” என்றாள். நாளன்னிக்கு என்பது முழுநிலவுக்கு மறுநாள். தூது நிற்குமாயின் சீட்டு செல்லும். நில்லாவிடில் அது வெறும் ஓலை. யாம் சீட்டை எழுதினோம். முத்திரை இட்டோம். அவள் அதை மடியில் செருகிக்கொண்டு போனபின் காரின் மூடியைத் திறந்தோம்.

பிளக்கில் குறையில்லை, பொறியில் குறையில்லை எனில், பொறி வரும் நேரத்தில்தான் குறை இருக்க வேண்டும். நசுங்கும் நேரத்தில் வராத பொறியால் பயனில்லை. அப்படியாயின் நான்கு அறைகளும் எந்த முறையில் ஒன்றன்பின் ஒன்றாக நசுக்குகின்றன? வயர்களை மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்கலாம்; ஆனால் அதற்கு இருபத்துநான்கு வகை உண்டு, பாட்டரியில் அவ்வளவு உயிர் இல்லை. இஞ்சினையே கேட்பது என்று முடிவு செய்தோம். நான்கு பிளக்குகளையும் கழற்றி, இலேசான முருக்கங்கட்டையைச் சீவி, உள்ளே விழுந்துவிடாதபடி தலை பெருத்த நான்கு தக்கைகள் செய்து, துளைகளில் மெல்லச் செருகினோம். காரின் முன்னால் செருகி இஞ்சினைக் கையால் திருப்பும் கைப்பிடியைச் சுழற்றினால், எந்த அறை நசுக்குகிறதோ அதன் தக்கை காற்றில் எழும்பும்.

அங்கேதான் தனிமை கைக்கு வந்து இடித்தது. கைப்பிடி காரின் முன்னே, தாழ்வில். தக்கைகள் இஞ்சினின் மேலே. குனிந்து சுழற்றுபவர் காண இயலாது. நின்று காண்பவர் சுழற்ற இயலாது. இரண்டு பேர் செய்யும் வேலை அது.

எம்மைக் கண்காணிக்க இந்நாட்டு அரசர் நிறுத்தியுள்ள வாயிற்காவலர் கொற்றி, வேலில் சாய்ந்தபடி இரண்டு நாட்களாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன தூதரய்யா, வண்டிக்கு வயித்து வலியா? இஞ்சி தட்டி ஊத்திப் பாருங்க” என்றாள். நிலைமையைச் சொல்லி, உடன்படிக்கை உங்களைத் தடுக்கிறது, ஆகவே கேட்பதற்கில்லை என்றோம். அவள் சற்று யோசித்து, “தொடக்கூடாதுன்னுதானே எழுதியிருக்கு? பாக்கக்கூடாதுன்னு எவன் எழுதினான்? உங்களைப் பாக்குறதுக்குத்தான் எனக்குச் சோறு போடுறாங்க. நீங்க சுத்துங்க, நான் பாக்குறேன். பாத்ததைச் சத்தமாச் சொல்றது என் பழக்கம்” என்றாள்.

யாம் சுழற்றினோம். ‘பொளக்’ என்று ஒன்று எழும்பியது. “ரேடியேட்டர்கிட்ட இருக்குற மொதலு!” என்று கூவினாள். அரைச்சுற்று. “அய்யோ, என் மூக்குக்கு நேரா வருதே! மூணாவது!” மூன்றாவதா, இரண்டாவதா, நன்றாகப் பார்த்தீர்களா என்று குனிந்தபடியே வினவினோம். “எனக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியும், சுத்துங்க” என்றாள். அரைச்சுற்று. “கடைசி! நாலு!” மேலும் அரைச்சுற்று. “இப்பத்தான் ரெண்டாவதுக்குத் தூக்கம் தெளிஞ்சுது!” தக்கைகளைப் பொறுக்கி மீண்டும் செருகி இரண்டாம் முறை சுழற்றினோம். மூன்றாம் முறையும் சுழற்றினோம். மூன்றாம் முறை தேவைக்காக அன்று. ஒருவர் எண்ண ஒருவர் சுழற்றுவது நன்றாக இருந்தது.

நம் அவையில் மூத்தவரை அடுத்து அவருக்கு இளையவர் அமர்வார். பந்தியிலும் அவ்வாறே, பாடையின் பின்னும் அவ்வாறே. ஆகவே ஒன்றுக்குப் பின் இரண்டைத் தவிர வேறு முறை உண்டென்பதே எமக்குத் தோன்றவில்லை. இஞ்சினோ வேறு நியாயம் உடையது. முதலாம் நான்காம் பிஸ்டன்கள் ஒன்றாக ஏறுகின்றன. இரண்டாம் மூன்றாம் பிஸ்டன்கள் ஒன்றாக ஏறுகின்றன. உடன் ஏறும் இருவர் அடுத்தடுத்து முறை எடுக்க இயலாது; ஒரு சோடியில் ஒருவர், மறு சோடியில் ஒருவர் என மாறி மாறியே வேலை செய்ய வேண்டும். எம் வரிசையில் முதல் அறை மட்டும் உரிய நேரத்தில் பொறி பெற்றது. மற்ற மூன்றும் தவறான நேரத்தில் பெற்றன. பிளக்குகளைத் திரும்பத் திருகி, தக்கைகள் எழும்பிய முறையிலேயே வயர்களை மாட்டினோம்.

முழுநிலவு நாளில், உச்சி முரசுக்கு இரண்டு நாழிகை முன்னதாக, கார் அரண்மனை ஏற்றத்தை உதறாமல் ஏறி முரசு மண்டபத்தைச் சுற்றி வந்தது. வந்தது என்று அரண்மனையார் தம் ஏட்டில் எழுதினார்கள். வாயிலில் கொற்றி, “சுத்தியாச்சா? அப்ப இன்னும் ஒரு மாசம் உங்களையே பாத்துக்கிட்டு நிக்கணுமா நான்?” என்றாள். சொல்லும்போது சிரித்தாளா என்பதை உறுதியாகக் கூற இயலாது. மறுநாள் காலை சேந்தி படகேறினாள்.

இவை கரி பிடிக்கும் நாளுக்கென நான்கு பிளக்குகள் அனுப்பி உதவுக. அவை இல்லையெனில், இல்லை என்று ஒரு வரியேனும் எழுதி உதவுக.

வெண்குன்றத் தூதரகத்து மீன்முத்திரையைச் செவ்வரக்கில் பதித்து, இவ்வீட்டில் எமக்குப் பின் வந்து தனியே அமர்பவர் எவராயினும் அவர்க்கு இடும் ஆணை: வயர்களை ஒருசேரக் கழற்றாதீர், ஒன்றைக் கழற்றி, துடைத்து, அதை மாட்டிய பின்னரே அடுத்ததைத் தொடுக. ஒருசேரக் கழன்றுவிட்டால், கறுப்பு மூடியில் வெள்ளைப் புள்ளியிட்ட குழியில் ரேடியேட்டரை அடுத்த முதலாம் அறையின் வயரை மாட்டுக. அங்கிருந்து வலஞ்சுழியாக அடுத்த குழிகளில் மூன்றாம் அறையினது, நான்காம் அறையினது, இரண்டாம் அறையினது. இவ்வாறு மாட்டினால் கார் ஓடும்.