கிண்ணத்துக்கு மேல் ஒரு பிடி

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

கிட்வேயில் செப்புச் சுரங்கம் ஆட்களைக் குறைத்ததும் கடைகள் வரிசையாக மூடின. எங்கள் சோளமாவு ஆலையில் பெரிய மூட்டைகள் தேங்கின. சிறிதாகப் போட்டுப் பார்த்த ஒரு கிலோ பாக்கெட்டும் விலைபோகவில்லை. ஆலையை மூடுவதைப் பற்றிப் பேசக் கூட்டம் போட்டார்கள். எப்படியோ நானும் கையைத் தூக்கிவிட்டேன்.

"பாக்கெட்டுல கொசுறு இல்ல சார். சந்தை அக்காமாருங்க கிண்ணத்துல அளந்துட்டு, மேல ஒரு பிடி போடுவாங்க. மூட்டைய அவங்ககிட்ட குடுத்துப் பாருங்க."

சிரித்தார்கள். ஆனாலும் மேலாளர் பத்து மூட்டை கொடுத்தார். மத்தியானத்துக்குள் தீர்ந்தது. இப்போது நாளுக்கு இருநூறு போகிறது.

"இத எந்தக் காலேஜ்ல படிச்சம்மா?" என்று கேட்டார்.

"எங்க ஊரு கசாமா சந்தையில சார், எங்கம்மாகிட்ட."

சந்தை அக்கா ஒருத்தி, "வாயே தொறக்காத பொண்ணு, ஆலையத் தொறந்து வச்சிட்டியே" என்கிறாள்.

கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். இங்கே ஒருத்திக்கு மட்டும் சமைப்பதாலோ என்னவோ, ருசியே இல்லை. உங்கள் நசுங்கிய கிண்ணமும் வேண்டும். அதே அளவில் ஆலை நூறு செய்யப்போகிறது.

நின்றுபோயிருந்த மாலை ஷிப்ட் சங்கு மறுபடி ஊதுகிறது அம்மா, ஓடுகிறேன்.

உங்கள் கசோண்டே