எழுபத்தொரு தாள்கள்

ஏப்ரல் 4

தண்ணீர் யாருக்கு என்று முடிவு செய்யும் நீர்க்குழுவுக்கு அறிக்கை போய்விட்டது. எல் சௌசே ஊர் ஆற்றின் கோடைத் தண்ணீரை மேலே இருக்கும் அவகாடோ தோட்டங்களுக்குத் திருப்பினால் ஊராருக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஈடு தர வேண்டும் என்பதே அதன் சாரம். இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் போய்க் கேட்டவள் நான். நீர்ப் பொருளாதாரம் படித்து முடித்தபின் என் பெயரில் வரும் முதல் அறிக்கை. தலைநகர் சாந்தியாகோவில் எங்கள் நிறுவனத் தலைவர் லெயோன்சியோ கை குலுக்கினார்.

"சுத்தமான வேலை, ஈர்மா."

ஏப்ரல் 9

சுத்தம் செய்தது எப்படி என்று எனக்காக எழுதி வைக்கிறேன்.

எழுபத்தொரு வீட்டார் தொகை சொல்லவில்லை. ஆற்றுக்கு என்ன விலை என்று சிரித்தார்கள். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். எங்கள் துறையில் இவற்றுக்கு 'எதிர்ப்பு விடைகள்' என்று பெயர். கணக்கிடும் முன் விலக்கிவிட வேண்டும் என்பது பாடம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். விலக்கினேன். பிறகு எழுதினேன்: "விடை தந்த குடும்பங்கள் அனைத்தும் ஈட்டுக்கு இசைந்தன."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பிறகு ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

ஏப்ரல் 17

எல் சௌசேக்குப் பக்கத்து நகரமான ஓவாயேயின் நாளிதழில் நான்கு வரிச் செய்தி. எல் சௌசே மக்கள் முழுச் சம்மதம்.

'விடை தந்த' என்பதை விட்டுவிட்டார்கள். நான் எழுபத்தொரு பேரை விட்டேன். அவர்கள் இரண்டு சொல்லை விட்டார்கள்.

ஏப்ரல் 18

ஓர்ஃபெலினா போன் செய்தாள். ஆடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்பவள். ஜனவரியில் அவள் சமையலறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"பொண்ணே, உன்கிட்ட நான் என்ன சொன்னேன்?"

"விலை இல்லைன்னு சொன்னீங்க."

"பேப்பர்ல எல்லாரும் சரின்னுட்டாங்கன்னு போட்டிருக்கே. என் தம்பி நொலாஸ்கோ, சந்தையில அத்தனை பேர் முன்னாடி கத்தறான். நாங்கள்லாம் முடியாதுன்னுட்டோம், நீதான் ஆத்தை வித்துட்டன்னு. ரெண்டு மணி நேரம் அந்தச் சாந்தியாகோக்காரியோட உனக்கு என்னடி பேச்சுங்கறான்."

விடைகள் இரகசியம், வெளியே சொல்லக்கூடாது என்றேன்.

"என் பதில் என்னுது. நானே கேக்கறேன். குடு."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கிறேன்! எதை?

ஏப்ரல் 19

பார்த்தேன். தாள் எண் 58, ஓர்ஃபெலினா. தொகை: கோடு. குறிப்பு: "ஒத்துழைக்கவில்லை."

என் கையெழுத்து. அன்று அவள் சுட்ட ரொட்டி மூன்று தின்றேன். நான்காவதைத் துணியில் சுற்றி என் பையில் வைத்தாள்.

தாள் எண் 112, நொலாஸ்கோ. ஆண்டுக்கு எண்பதாயிரம் பெசோ. ஒத்துழைத்தார்.

ஏப்ரல் 26

லெயோன்சியோவிடம் சொன்னேன்.

"முறைப்படிதானே செஞ்சிருக்க. எங்க தப்பு?"

"எழுபத்தொரு பேர் முடியாதுன்னாங்கன்னு எங்கயுமே வரல சார்."

"வந்தா நீர்க்குழு மறுபடி கேளுன்னு சொல்லும். மே முப்பது விசாரணை. தோட்ட முதலாளிங்க சும்மா இருப்பாங்களா?" கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "மனசாட்சி வர்றதா இருந்தா மார்ச்லயே வந்திருக்கணும், ஈர்மா. இப்ப வந்தா அதுக்குப் பேரு தொந்தரவு."

சிரித்தேன். நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை எழுதாமல் இந்தப் பக்கத்தை மூடக்கூடாது.

மே 3

ஒன்றும் செய்யவில்லை.

மே 11

ஓர்ஃபெலினாவின் எண் திரையில் வந்தது. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 20

நீர்க்குழுவுக்குக் கடிதம் அனுப்பினேன். ஒரே பக்கம். எழுபத்தொன்று என்ற எண், விலக்கியது நான் என்ற வரி, கையொப்பம். இதை எழுத ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு மாதம் எதற்கு எடுத்துக்கொண்டேன்?

பிற்பகல் லெயோன்சியோ அழைத்தார். மேசையைக் காலி செய்துவிட்டேன். விடைத்தாள்களின் நகல்கள் மட்டும் என் பையில்.

மே 25

எல் சௌசே போனேன். ஊர்க்கூடத்தில் நாற்பது பேர் இருக்கும். எழுபத்தொரு வீடுகள் மறுத்தன என்றேன். யார் யார் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, ஒருவர் மட்டும் தன் தாளைக் கேட்டிருக்கிறார் என்று ஓர்ஃபெலினாவிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடி கொண்டுவரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி உரக்கப் படித்தாள். கோடு என்றாள். பிறகு, படிக்கக்கூடாதே என்று நான் மனத்துக்குள் வேண்டிக்கொண்டும், அடுத்த வரியையும் படித்தாள்.

"ஒத்துழைக்கவில்லை."

ஓர்ஃபெலினா என்னைப் பார்த்தாள். "ரொட்டி நல்லா இல்லையா, பொண்ணே?"

யாரும் சிரிக்கவில்லை. என் காது எரிந்தது. மன்னிச்சிடுங்க என்று சொன்னேனா, வாய் மட்டும் அசைந்ததா, தெரியவில்லை.

அப்போது நொலாஸ்கோ பின்வரிசையில் எழுந்தார். அவர் என்னை ஒருமுறைதான் பார்த்தார். சொல்லிவிடுவேனோ என்று பயந்த பார்வை. நான் தரையைப் பார்த்தேன். அதுவே சொல்லிவிட்டதோ என்னவோ.

"என் தாளையும் படி" என்றார்.

"வேண்டாங்க."

"என்னுதுதானே? படி."

படித்தேன். எண்பதாயிரம்.

ஓர்ஃபெலினா திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"எண்பதாயிரமா? ஒரு ஆட்டு விலைடா, மடையா! வித்ததுதான் வித்த, கேட்டு வாங்கத் தெரியல?"

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது. நொலாஸ்கோ தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். அழுதார் என்று நினைக்கிறேன். அவள் தன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

எனக்கு யாரும் இடம் விடவில்லை. நின்றபடி பேருந்து நேரத்தைக் கேட்டேன். யாரோ சொன்னார்கள்.

ஆகஸ்ட் 14

நீர்க்குழு மறு ஆய்வு நடத்தச் சொன்னது. வேறு நிறுவனம். ஓர்ஃபெலினாவே போன் செய்து சொன்னாள்: வந்தார்கள், எல்லா வீட்டுக்கும் போனார்கள், முடியாது என்றவர்களைத் தனிப் பத்தியில் எழுதிக்கொண்டார்கள், கையெழுத்தும் வாங்கினார்கள்.

"நீ வரலையான்னு அவங்ககிட்ட கேட்டேன். இல்லைன்னாங்க."

கத்திய ஆடுகளை அதட்டிவிட்டுத் தொடர்ந்தாள்.

"நல்லதுன்னு சொன்னேன். கோவிச்சுக்காத, பொண்ணே."

கோபம் இல்லை என்றேன்.