இரண்டரை நிமிடம்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று நம்புகிறேன். ஆதாரம் கிடைத்ததும் உறுதி செய்துகொள்கிறேன். போனில் பேசாததற்குக் காரணம் உண்டு. இந்த வீட்டுச் சுவர்களுக்குக் காது இருக்கிறது. அந்தக் காது உன் அண்ணியுடையது. அவள் வேலைக்குப் போன பிறகுதான் எழுதுகிறேன்; அந்நேரம் போன் செய்தாலும், யாரிடம் பேசினேன் என்று மாலையில் போனை எடுத்துப் பார்த்துவிடுவாள். விரல்கள் வீங்கியிருப்பதால் இந்தக் கடிதத்துக்கு இது மூன்றாம் நாள். கோணல் எழுத்தெல்லாம் முடக்குவாதம் எழுதியது.

என் சோர்வு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. மூட்டு டாக்டர், "இது தூக்கக் கோளாறுங்க, அங்க கேளுங்க" என்கிறார். தூக்க டாக்டர், "பாதி அசதி உங்க மூட்டு நோயால வர்றதுதான்" என்கிறார். தூக்கத்தில் என் மூச்சு மணிக்கு முப்பது தடவை நின்றுபோகிறது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. அதற்காகத்தான் காற்றடிக்கும் மெஷினும் மூக்கில் மாட்டும் முகமூடியும் வந்தன.

முதல் இரண்டு வாரம், படுக்கும்போது உன் அண்ணி மாட்டிவிட்ட முகமூடி காலையில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். தூக்கத்தில் நானே பிடுங்கி எறிந்துவிடுகிறேன். மெஷின் காட்டிய கணக்கு இரவுக்கு ஒன்றரை மணி நேரம். மூன்றாம் வாரத்திலிருந்து காலையில் அது முகத்திலேயே இருந்தது. கணக்கு ஏழு மணி நேரம். நர்ஸம்மா, "பாஸாயிட்டீங்க சார்" என்றார். இருபத்தாறு வருடமாகக் கடைத் தராசுகளைச் சந்தேகித்துச் சம்பளம் வாங்குகிறவனை அவ்வளவு எளிதாகப் பாராட்டிவிட முடியாது. முழு அறிக்கையையும் கேட்டு வாங்கினேன்.

ஒவ்வோர் இரவும் முகமூடி ஐந்தாறு முறை கழன்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டரை நிமிடத்தில் திரும்ப மாட்டப்பட்டிருக்கிறது. பட்டப்பகலில், கண்ணாடி முன் உட்கார்ந்து, கடிகாரம் வைத்து நானே மாட்டிப் பார்த்தேன். பதினோரு நிமிடம் ஆகியும் பின்பக்கக் கொக்கி விழவில்லை. சட்டைப் பொத்தானுக்கே ஆள் தேடும் விரல்கள் இவை. தூங்கும்போது மட்டும் இவற்றுக்குத் திறமை வந்துவிடுகிறது என்று நம்ப நான் தயாராக இல்லை.

உன் அண்ணியிடம், ராத்திரி தூங்குகிறாயா என்று கேட்டேன். "நீங்க விடுற குறட்டையில தெருவே தூங்கல, நான் எங்க தூங்குறது?" என்றாள். மூன்றாம் வாரத்திலிருந்து குறட்டை இல்லை என்று தெருவே சாட்சி சொல்லும். விரலில் கட்டு எதற்கு என்றேன். கதவிடுக்கில் நசுங்கியதாம். எங்கள் வீட்டில் எந்தக் கதவையும் அந்த அளவுக்குச் சாத்த முடியாது.

மறுநாள் அவள் தைக்கும் சட்டைக் கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் அம்மா போன் செய்தார். "அண்ணே, அக்கா தையல் மெஷின்லயே கண்ணசந்துட்டாங்க. ஊசி நகத்துல இறங்கிடுச்சு. இது ரெண்டாவது தடவை, அடுத்தது விரலே போயிடும். வீட்ல என்னதான் நடக்குது?" என்றார். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். உண்மையில் விசாரணை அப்போதே முடிந்துவிட்டது.

இனி நீ தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். "எப்படிப் பாத்துப்பீங்க, கண்ண மூடிக்கிட்டா?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ஆகவே ஒரு பொய் தேவைப்படுகிறது. உனக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அண்ணி பத்து நாள் வந்து கூட இருக்க வேண்டும் என்று அவள் பெயருக்கே எழுது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நீ வரவழைத்த வயிற்றுவலிகளின் தரத்தை நான் அறிவேன். என்னைப் போன்ற கைகளுக்கென்று காந்தக் கொக்கி வைத்த முகமூடி வார் இருக்கிறதாம். அது வரப் பத்து நாள் ஆகும். அதுவரை பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன் ஒன்பது மணிக்கு வந்து மாட்டிவிடுவார். நடுவில் கழன்றால் நானே விழித்துக்கொள்வேன். இதை நீ அதிகம் ஆராய வேண்டாம்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த தூக்கமும் அமையட்டும். உன் அண்ணி வந்ததும் முதல் இரண்டு நாள் எழுப்பாதே. அவளாகவே இடையில் எழுந்து, இருட்டில் பக்கத்தில் தடவிப் பார்ப்பாள். விளக்கைப் போட்டுவிடாதே. அருகில் படுத்துக்கொண்டு கொஞ்சம் சத்தமாக மூச்சு விடு. தூங்கிவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்