உங்களுக்குப் பத்து நாள், எனக்கு மூன்று நாள்

மன்னி,

கொல்லைக் கொடியில் ஒரு சின்ன வேட்டி காய்கிறது. உங்களுக்குக் காரியம் செய்தபோது அவன் கட்டியிருந்தது. இரண்டு முறை துவைத்தும் மடிப்பில் எள் ஒட்டியிருக்கிறது. பத்து நாளும் முகம் சுளிக்காமல் செய்தான். பெற்றவள் நான். ஆனால் சுவீகாரம் போன பிள்ளைக்குப் பெற்றவள் செத்தால் மூன்று நாள்தான் தீட்டு என்று சுவீகாரம் பண்ணிவைத்த வாத்தியார் அன்றைக்கே சொல்லிவிட்டார். போன பிறகும் நீங்கள்தான் ஜெயித்தீர்கள்.

மயிலாப்பூரில் நம் வகையறாவில் மிஞ்சிய வீடுகளைக் கைவிட்டு எண்ணிவிடலாம். வெளியே கொள்வினை கொடுப்பினை கிடையாது. பையன் இருந்தால் பெண் இல்லை, பெண் இருந்தால் பையன் இல்லை. லஸ் பக்கம் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்து, பெற்றது போதும் என்றது சர்க்கார். நம் வீட்டுக் கூடத்தில் போதாது என்றார்கள்.

இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ள ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"எனக்குன்னு ஒண்ணு பெத்துக் குடுடி. மூத்த வழி என்னோட நின்னுடப் போறது."

"இருக்கிற ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கோங்கோளேன் மன்னி."

"உன்னை அம்மான்னு கூப்பிட்டுண்டு இருக்கறதை எப்படிடி பறிக்கிறது?"

எவ்வளவு நல்ல மனசு என்று நானும் அழுதேன். கூப்பிடத் தெரியுமுன்னே பறித்தால் வலிக்காது என்று நினைத்தீர்களா? என் வயிறு என்ன வாடகை வீடா? இவரா? அண்ணா பேச்சுக்கு என்றைக்கு மறுபேச்சுப் பேசியிருக்கிறார்?

சுவீகாரத்தன்று இவர்தான் குழந்தையைத் தூக்கி உங்கள் அகத்துக்காரர் மடியில் உட்கார்த்தினார். எனக்குக் கை நீட்டக்கூட வேலையில்லை. சம்மதமா என்று வாத்தியார் கேட்டார், தலையை ஆட்டினேன். பால் கட்டி ரவிக்கை நனைந்ததை முந்தானையால் மூடிக்கொண்டேன். நீங்கள் பார்த்தீர்கள். அடுத்த மாதமே அசோக் நகருக்குக் குடிபோனீர்கள்.

பஸ் பிடித்து வருவேன். "சித்தி வந்திருக்கா பாரு" என்று அவனை என் பக்கம் திருப்புவீர்கள். அந்தச் சித்தியைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்வீர்கள். அவன் வாயைத் துடைக்க நான் கை நீட்டினால் உங்கள் முந்தானை முந்திக்கொள்ளும். எனக்கு வயிறு எரியும். அவனை உள்ளங்கையில் வைத்து வளர்த்தீர்கள், அதுதான் இன்னும் எரிச்சல். ஒரு நாளாவது அவனை அடித்திருந்தால் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

நீங்கள் போன செய்தி வந்ததும் எனக்கு அழுகை வரவில்லை. இனி அவன் எனக்குத்தான் என்று தோன்றியது. காரியம் முடிந்த கையோடு இங்கே அழைத்துவந்தேன். உங்கள் அகத்துக்காரரும் தடுக்கவில்லை.

நேற்று மத்தியானம் அவனுக்கு நல்ல ஜுரம். "அம்மா, தண்ணி" என்று முனகினான். டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடினேன். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா வந்திருக்கேன்டா" என்றேன். இத்தனை வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்த சொல்.

கண்ணைத் திறந்தான். என்னைத் தாண்டி வாசல் பக்கம் பார்த்து, "எங்கே, சித்தி?" என்று கேட்டான்.